ஒரு காரோட்டிக்காகக் கேட்ட கேள்வி

(நகர வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கக் கண்டத்தில் அபாயத்துக்கும் அடக்குமுறைக்கும் நடுவே தொழில் செய்யும் பத்திரிகாசிரியர்களின் தைரியத்தைப் போற்றிப் பேசும்படி நீங்கள் என்னைப் பணித்தபோது, என் மனக்கண்முன் முதலில் வந்து நின்றவர் எழுதுகோல் பிடித்தவர் அல்லர்; காரின் சக்கரத்தைப் பிடித்தவர். மேற்கு ஆப்பிரிக்காவிலே, கடற்கரை இல்லாத வறண்ட பூமியாகிய புர்கினா ஃபாசோவின் தலைநகரம் வாகடூகுவில், ஜனாதிபதி பிளேஸ் கொம்பாவோரேயின் சகோதரர் பிரான்சுவா கொம்பாவோரேயிடம் காரோட்டியாக வேலை பார்த்த டேவிட் வெத்ராவோகோ என்பவர் அவர். எஜமானர் வீட்டில் பணம் களவு போயிற்று என்று அவர்மேல் சந்தேகம் விழுந்தது. சாதாரணமான ஒரு தேசத்தில் அடுத்து நடக்கவேண்டியது போலீஸ் நிலையத்தில் ஒரு புகார், நியாயஸ்தலத்தில் ஒரு விசாரணை. அவரையோ ஜனாதிபதியின் மெய்காவற் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய காவலிலேயே, சித்திரவதையின் காயங்களோடு, 1998 ஜனவரி மாதத்தில் அவர் உயிர் நீத்தார்.

இப்படிப்பட்ட மரணங்கள் மறைந்து போவதற்கென்றே நிகழ்பவை. செத்தவன் ஏழை, கொன்றவர்கள் அரண்மனை வாசலில் நிற்பவர்கள், கேட்க வேண்டிய உறவினர்களுக்கு வாயைத் திறக்க அச்சம். பெரிய மனிதர்கள் வீட்டு வேலைக்காரன் ஒருவன் காணாமற் போனால், நாலு நாள் அண்டை அயலார் குசுகுசுவென்று பேசுவார்கள், ஐந்தாம் நாள் வேறொருவன் அதே காரை ஓட்டிக்கொண்டு வருவான், அதோடு கதை முடிந்து போகும். ஆனால் அந்த ஊரில் ‘லெண்டெபாண்டான்’ என்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. சுதந்திரன் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். நோர்பெர் சோங்கோ என்பவர் 1993-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியிருந்தார். ஹென்றி செப்கோ என்ற புனைபெயரில் அதிலே எழுதி வந்தார். அந்தப் புனைபெயர் யாருடையது என்று அறியாதார் அந்நகரில் எவரும் இல்லை. அவர், ‘டேவிட் எப்படிச் செத்தான்?’ என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்த 1998-ஆம் ஆண்டு முழுவதும், இதழுக்கு இதழ், விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

சோங்கோவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1949-இல் கூதுகு என்ற ஊரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்பு பத்திரிகைத் தொழிலைக் கற்பதற்காக அண்டை நாடாகிய டோகோவுக்குச் சென்றவர். கற்பனையான ஓர் ஆப்பிரிக்கச் சர்வாதிகாரியின் கதையை அவர் நாவலாக எழுதி வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி டோகோ நாட்டு அதிகாரிகளின் கண்ணில் பட்டது. கற்பனையிலே தங்கள் தலைவரின் முகத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள் போலும். அச்சேறாத ஒரு கதைக்காக அவர் சிறை புகவும் துன்பப்படவும் நேர்ந்தது. ஆகவே எழுத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பது, ‘லெண்டெபாண்டான்’ பத்திரிகையைத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அவருடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. 1998-ஆம் ஆண்டில் எச்சரிக்கைகள் வந்தன, நண்பர்கள் கெஞ்சினார்கள், அவருக்கோ மனைவி மக்கள் இருந்தார்கள், வயதான தாயார் இருந்தார். எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், வாரத்தின் அதே நாளில் அதே மேஜையின் முன் வந்து உட்கார்ந்து, சென்ற வாரம் கேட்ட கேள்வியை இந்த வாரமும் எழுதினார்.

1998 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சப்பூய் என்ற ஊருக்கு அருகே, சாலையிலே, அவருடைய வண்டி குண்டு துளைத்து எரிந்து கிடந்தது. சோங்கோவோடு அவருடைய தம்பி எர்னெஸ்ட் சோங்கோ, பிளேஸ் இல்புடோ என்ற ஊழியர், அப்துலாயே நிக்கியேமா என்ற காரோட்டி ஆகிய மூவரும் மாண்டு போனார்கள். ஒரு காரோட்டியின் சாவைப் பற்றிக் கேட்டவர், தம்முடைய காரோட்டியோடு சேர்ந்து செத்தார். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நா தழுதழுக்கிறது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் நடந்ததைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். சவ அடக்கத்துக்கு வந்த கூட்டம் வாகடூகு நகரத்தின் வீதிகளை நிறைத்தது. மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் வக்கீல்களும், ‘போதும், இனிப் பொறுக்க முடியாது’ என்ற பொருளுடைய ஒரு பிரெஞ்சுத் தொடரையே தங்கள் இயக்கத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். ராஜாங்கம் வேறு வழியின்றி ஒரு சுயேச்சை விசாரணைக் குழுவை நியமித்தது. அக்குழு 1999-இல் மெய்காவற் படையைச் சேர்ந்த ஆறு பேரைப் பலமான சந்தேகத்துக்குரியவர்கள் என்று குறிப்பிட்டது. அந்த ஆறு பேரில் அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரே. டேவிட் வெத்ராவோகோவின் சாவுக்காக 2000-இல் இராணுவ நியாயஸ்தலம் படையினர் சிலரைத் தண்டித்தது என்பதையும் சொல்ல வேண்டும்; கேட்டவரின் சாவுக்கோ பதில் கிடைக்கவில்லை. 2006-இல், போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கை மூடினார்கள்.

மூடிய கதவைத் தட்டுவதற்கு அந்தக் குடும்பங்கள் வேறொரு நாட்டுக்குப் போயின. டான்சானியாவில் அருஷா என்ற நகரத்திலே மனித உரிமைகளுக்கென ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நிறுவிய ஒரு நீதிமன்றம் இருக்கிறது. சொந்த நாட்டின் நியாயஸ்தலங்கள் கைவிட்டபின் அங்கே முறையிடலாம். 2014 மார்ச் 28 அன்று அந்த நீதிமன்றம், கொலையாளிகளைத் தேடிப் பிடித்து விசாரிப்பதில் புர்கினா ஃபாசோ தன் கடமையைச் செய்யத் தவறியது என்று தீர்ப்பளித்தது. அதன் மூலம் பத்திரிகையாளர்களின் பேச்சுரிமைக்கே பங்கம் நேர்ந்தது என்றும் கூறிற்று. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், ஜனங்கள் திரண்டெழுந்தபோது, 27 ஆண்டுகள் ஆண்ட கொம்பாவோரே நாட்டை விட்டே ஓடினார். அந்தக் கூட்டத்திலே இருந்த இளைஞர்களில் பலர் சோங்கோ இறந்தபோது கைக்குழந்தைகள். சிலர் பிறந்தே இருக்கமாட்டார்கள். வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஜனாதிபதியின் சகோதரர் 2017-இல் பாரிஸ் நகரில் கைதானார். அவர் தம்மீதுள்ள குற்றச்சாட்டை மறுக்கிறார். அவரைத் திருப்பி அனுப்புவதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023-இல் தடையாகத் தீர்ப்பளித்தது. அந்த நான்கு உயிர்களுக்காகத் தண்டனை பெற்றவர் இன்றளவும் ஒருவரும் இல்லை.

இங்கே ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். தைரியசாலிகளைப் பற்றிப் பேசும்போது அவர்களைப் பயம் அறியாதவர்களாகச் சித்திரிக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. அது அவர்களுக்குச் செய்யும் கௌரவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் தொழில் என்று கண்டவர் நம் வள்ளுவர். இந்தப் பத்திரிகாசிரியர்கள் அறிவுடையவர்கள், நன்றாக அஞ்சியவர்கள். அவர்கள் அஞ்சியதற்கு மேலாக இன்னொன்று அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது. அது எப்போதும் யாரோ ஒரு சாமானியனின் முகமாகவே இருந்தது என்பதைத்தான் நான் இன்று எடுத்துச் சொல்ல வந்தேன்.

தென்னாப்பிரிக்காவில் ‘டிரம்’ என்ற மாதப் பத்திரிகையின் முதல் நிருபர்களில் ஒருவராகிய ஹென்றி நக்சுமாலோவைப் பாருங்கள். பெத்தல் என்ற வட்டாரத்தில், உருளைக்கிழங்குப் பண்ணைகளில், கறுப்பினக் கூலிகளைப் புரியாத ஒப்பந்தங்களில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அடிமைகள்போல் வேலை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1952-இல் அவர் தாமே ஒரு கூலியாக அங்கே போய்ச் சேர்ந்தார். சட்டைக்குப் பதில் சாக்கை அணிந்த மனிதர்களோடு இருந்து, கண்டதை வந்து எழுதினார். சிறையிலே கைதிகளை நடத்தும் விதத்தை அறிய வேண்டும் என்று தோன்றியபோது, இரவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேண்டுமென்றே நடமாடிப் பிடிபட்டு, ஜொஹானஸ்பர்க் சிறைக்குள் போனார். கைதிகளை நிர்வாணமாக்கிக் குதிக்க வைத்துச் சோதனையிடும் கொடுமையை, பக்கத்துக் கட்டடத்தின் கூரைமேலிருந்து அவருடைய சகா பாப் கோசானி புகைப்படமாக எடுத்தார். 1956-ஆம் ஆண்டின் கடைசி இரவில் நக்சுமாலோவைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வயது 39. கொன்றவர் யார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை.

இனி மொசாம்பிக் நாட்டுக்கு வருகிறேன். இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதால், கொஞ்சம் நிதானித்துச் செல்ல வேண்டும்.

கார்லோஸ் கார்டோசோ 1951-இல் பெய்ரா என்ற துறைமுக நகரில், போர்ச்சுகீசியப் பெற்றோருக்குப் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் படிக்கும்போது நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். மொசாம்பிக் 1975-இல் விடுதலை அடைந்ததும், வெள்ளையர் பலர் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த வேளையில், அவர் அந்தப் புதிய தேசத்தின் பிரஜையாக இருப்பதென்று தீர்மானித்தார். அரசாங்கச் செய்தி ஸ்தாபனத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் உழைத்தார். தாம் நேசித்த புரட்சி அரசாங்கமே, எழுதிய ஒரு கட்டுரைக்காக 1982-இல் அவரை ஆறு நாள் சிறையில் வைத்தது. ஜனாதிபதி சமோரா மாஷெல் 1986 அக்டோபர் 19 அன்று விமான விபத்தில் இறந்தபோது, அதன் மர்மத்தைத் துருவி ஆராய்ந்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். அதே நாளில்தான், கண்டத்தின் மறு கரையிலே, லாகோஸ் நகரத்தில், ‘நியூஸ்வாட்ச்’ பத்திரிகையின் ஆசிரியர் டெலே கீவா தம் வீட்டுக்கு வந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அதற்குள் இருந்த வெடிகுண்டு அவரைக் கொன்றது. அந்தக் கொலைக்கும் இன்றுவரை தண்டனை இல்லை.

1990-களின் தொடக்கத்தில் பத்திரிகைச் சுதந்திரத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தபோது, கார்டோசோவிடமும் அவருடைய நண்பர்களிடமும் அச்சகம் வாங்கப் பணம் இல்லை. காகிதம் விலை அதிகம். ஆகவே அவர்கள் ஒரு விசித்திரமான உபாயத்தைக் கண்டார்கள். தட்டெழுத்தில் நாலைந்து பக்கம் தயார் செய்து, தொலைநகல் கருவியிலே, ஃபாக்ஸ் என்று நாம் சொல்லும் அந்தக் கருவியிலே, தினந்தோறும் சந்தாதாரர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். ‘மீடியாஃபாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். பின்னர் 1997-இல் கார்டோசோ தனியே ‘மெட்டிகால்’ என்ற மற்றொன்றை அதே முறையில் தொடங்கினார். மெட்டிகால் என்பது அந்நாட்டு நாணயத்தின் பெயர். ஒரு பிரதியை வாங்கியவர் அதைப் படியெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பார். மந்திரிகளும் வங்கி அதிபர்களும் காலையில் முதலில் தேடிய தாள் அதுவாயிற்று.

அந்தத் தாளில் அவர் இடைவிடாது எழுதிய விஷயங்களில் ஒன்று முந்திரி. ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக முந்திரி விளைவித்த நாடு மொசாம்பிக். அங்கே கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், பிழைத்து வந்தார்கள். உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி வரியைக் குறைத்தால்தான் கடன் என்று உலக வங்கி 1990-களின் நடுவில் நிபந்தனை விதித்தது, வரி குறைந்தது, கொட்டை கப்பலேறிற்று, தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்தக் கப்பல்கள் எங்கே வந்தன தெரியுமா? இந்தியாவுக்கு. கொல்லத்திலும், நம்முடைய குமரி மாவட்டத்திலும், ‘அண்டி ஆபீஸ்’ என்று ஜனங்கள் அழைக்கும் ஆலைகளிலே, குந்தியிருந்து கொட்டை உடைத்து விரல் கறுத்துப் போன நம் பெண்களின் கூலி, கடல் கடந்து வரும் ஆப்பிரிக்கக் கொட்டையை வெகுவாக நம்பியிருந்தது. இங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரிந்ததற்கும் அங்கே ஒரு வீட்டில் அடுப்பு அணைந்ததற்கும் சம்பந்தம் உண்டு. நம் பெண்கள் அறிந்து செய்த தீங்கு ஏதுமில்லை, அவர்களும் ஏழைகளே. ஆனால் வேலையிழந்த அந்த மொசாம்பிக் பெண்களுக்காக ஒருவர் தினந்தோறும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை, அந்தப் பருப்பைத் தின்ற நாமாவது அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

அவர் உயிருக்கு உலை வைத்தது வேறொரு விஷயம். 1996-இல், அரசாங்கத்தின் கையிலிருந்து தனியார் கைக்கு மாறவிருந்த ஒரு வங்கியில், ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் மோசடியாகச் சுருட்டப்பட்டது. பெயர்கள் தெரிந்திருந்தும் வழக்கு நகரவில்லை. கார்டோசோ அந்தப் பெயர்களை எழுதினார், ஏன் நகரவில்லை என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். 2000 நவம்பர் 22 அந்தியில், ‘மெட்டிகால்’ அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், மபூட்டோ நகர வீதியில் அவர் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அன்றும் கார் ஓட்டியவர் வேறொருவர். அவர் படுகாயத்தோடு பிழைத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்த விசாரணையைப் போல் அந்தத் தேசம் அதுவரை கண்டதில்லை. பலத்த காவலுள்ள சிறைச்சாலையின் வளாகத்தில் ஒரு பெரிய கூடாரம் போட்டு, அதையே நியாயஸ்தலமாக்கினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் அந்த விசாரணையை நேரடியாக ஒலிபரப்ப, கடைக்காரரும் பேருந்துப் பிரயாணிகளும் சாட்சியங்களைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நீதிபதி அகுஸ்தோ பவுலினோ, அச்சமின்றி, 2003 ஜனவரி 31 அன்று ஆறு பேருக்கு நீண்ட சிறைத்தண்டனை விதித்தார். அவர்களில் மூவர் அந்த வங்கி மோசடியில் சம்பந்தப்பட்டவர்கள். கொலைக் கூட்டத்தின் தலைவன் விசாரணை தொடங்குமுன்பே சிறையிலிருந்து தப்பினான்; பிடிபட்டான்; மறுபடி தப்பிக் கனடா வரைக்கும் போனான்; மீண்டும் கொண்டுவரப்பட்டான். திறவுகோல்களை வைத்திருந்தவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. ஆயினும், ஒரு பத்திரிகாசிரியரின் கொலைக்காக ஏவியவர்களும் எய்தவர்களும் சேர்ந்து தண்டிக்கப்பட்ட அந்த அபூர்வமான தீர்ப்பை மொசாம்பிக் மக்கள் தங்கள் காதாலேயே கேட்டார்கள்.

காம்பியா மிகச் சிறிய நாடு. ஓர் ஆற்றின் இரு கரைகளே அதன் நிலப்பரப்பு. அங்கே 1994-இல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த யாஹ்யா ஜாமேயைப் பார்த்து, ‘ஜனாதிபதி அவர்களே, காலை வணக்கம்’ என்று பொருள்படும் தலைப்பில், ‘தி பாயிண்ட்’ பத்திரிகையிலே பத்தி எழுதி வந்தார் டேடா ஹைதாரா. மரியாதை குறையாத வணக்கம். அதற்குக் கீழே மறைக்காத உண்மை. 2004 டிசம்பர் 14 அன்று, பத்திரிகைகளின் குரல்வளையை நெரிக்கும் சட்டங்களை அந்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றிற்று. ஹைதாரா அவற்றை எதிர்த்து வழக்காடப் போவதாக அறிவித்தார். டிசம்பர் 16, பத்திரிகையின் பதின்மூன்றாவது ஆண்டு நிறைவு. கொண்டாட்டம் முடிந்து, இரவாகிவிட்டதே என்று, அலுவலகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காகத் தாமே கார் ஓட்டிக்கொண்டு சென்றார். வழியில் சுட்டார்கள். அவர் இறந்தார், அந்தப் பெண்கள் இருவரும் காயமுற்றார்கள்.

ஜாமே ஆட்சியில் இருந்தவரை நாட்டுக்குள்ளே உண்மை வெளிவர வழி இருக்கவில்லை. ஆனால் ஹைதாராவைச் சுட்ட கொலைப்படைக்கும் ஒரு காரோட்டி இருந்தான். பாய் லோவ் என்ற அவன் நாட்டை விட்டு வெளியேறிய பின், 2013-இல், நாடு கடந்து வாழ்ந்த ஒரு காம்பியப் பத்திரிகையாளரின் வானொலிக்கு அளித்த பேட்டியில், தான் கண்டதையும் தான் ஓட்டிச் சென்ற பயணங்களையும் தன் வாயாலேயே சொன்னான். பேட்டி எடுத்தவர், கொலையுண்டவரின் தொழிலைச் செய்பவர். அவருக்கு அன்று தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பதுதான். அந்தக் குரல் பதிவு பத்து ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் செல்லே என்ற நகரத்து நியாயஸ்தலத்தில் சான்றாக ஒலித்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களை எங்கே நிகழ்ந்தாலும் விசாரிக்கலாம் என்ற சட்டத்தின்படி, 2023 நவம்பர் 30 அன்று அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஹைதாராவின் மகன் அந்த வழக்கில் வாதிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

எரித்திரியாவைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொற்கள் குறைவு. 2001 செப்டம்பர் மாதத்தில் ஒரே வாரத்துக்குள் தனியார் பத்திரிகைகள் அத்தனையும் மூடப்பட்டு, ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் தாவித் இசாக், நாடக ஆசிரியர், ‘செடிட்’ என்ற பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவர். ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. அவர்மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. 2005 நவம்பரில் இரண்டு நாள் வெளியே விட்டார்கள், வீட்டாரோடு தொலைபேசியில் பேசினார், மறுபடியும் கொண்டுபோனார்கள். 2017-இல் யுனெஸ்கோ தன் பத்திரிகைச் சுதந்திரப் பரிசை அவருக்கு வழங்கியது. வாங்கிக்கொள்ள அவருடைய மகள் வந்தாள். மற்ற நாடுகளில் இறந்தவருக்குப் பின் கேள்வியைக் கையிலெடுக்க யாரோ ஒருவர் இருந்தார். இங்கே அந்த ஒருவரும் நாட்டுக்குள்ளே மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆதலால் இந்தப் பெயரை நாட்டுக்கு வெளியே இருப்பவர்களே, நம்மைப்போல் தூரத்தில் இருப்பவர்கள் உட்பட, சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பேச்சை முடிக்குமுன் அருஷா நீதிமன்றத்துக்கு ஒரு கணம் திரும்ப வேண்டும். 2015-இல் அந்த நீதிமன்றம் இழப்பீடு பற்றிய உத்தரவைப் பிறப்பித்தது. இறந்தவர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இன்னின்ன தொகை என்று வகுத்தது. வழக்குக்குத் தோள் கொடுத்து நின்ற மனித உரிமை இயக்கத்துக்கு, அடையாளமாக, ஒரே ஒரு ஃபிராங்க் கொடுக்கும்படி சொல்லிற்று. விசாரணையை மீண்டும் தொடங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்பின் முகப்பிலே, வழக்கின் தலைப்பிலே, யாருக்காக வழக்கு நடந்ததோ அவர்களுடைய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. முதற் பெயர் நோர்பெர் சோங்கோ. தம்பியின் பெயருக்கும் முன்னதாக, இரண்டாவதாக அச்சிட்டிருக்கும் பெயர் அப்துலாயே நிக்கியேமா. சப்பூய் சாலையிலே அன்று வண்டியை ஓட்டிச் சென்றவர்.